கணப்படுப்புக்கு மேலே ஒரு மஸ்கெட்

அக்டோபர் 10, வியாழன்: காரில் புளிசாதம்

மாமா கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் 36 வருஷம் வேலை பார்த்தவர். மூன்று மாதம் எங்களோடு இருக்க நியூ ஜெர்சிக்கு வந்திருக்கிறார். நயாகரா போகலாமா, வாஷிங்டன் போகலாமா என்று எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றார். "கண்ணு, கேஜு, ஜிக்கு, ஃபிக்ஸ்சரு எல்லாம் அமெரிக்காவுல துப்பாக்கி ஃபேக்டரியிலதான் வளந்துச்சுன்னு அப்ரண்டிஸ் படிக்கையில வாத்தியாரு சொல்லுவாரு. அந்த எடத்த ஒருக்கா பார்க்கோணும்" என்றார். கேஜு என்றால் பாகத்தின் அளவைச் சரிபார்க்கும் கருவி. ஜிக்கும் ஃபிக்ஸ்சரும் வேலை நடக்கும்போது பாகத்தை அசையாமல் பிடித்துவைப்பவை. கனெக்டிகட் ஆற்றை ஒட்டி ஹார்ட்ஃபோர்டு, ஸ்பிரிங்ஃபீல்டு, அப்புறம் வெர்மான்ட்டில் விண்ட்ஸர் என்று ஒரு வழி போட்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னபோதுதான் பயணத்துக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. அவருக்கு 78 வயது, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைக் காலி செய்துவிட்டுச் சின்ன அபார்ட்மென்ட்டுக்கு மாறப்போகிறார். அவர் வீட்டுக் கணப்படுப்புக்கு மேலே ஒரு நீளமான பழைய துப்பாக்கி தொங்குகிறது. தாத்தாவின் அப்பா அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையில் தூக்கிக்கொண்டு நின்ற மஸ்கெட் என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. பேரனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், எந்த வருஷத்துத் துப்பாக்கி என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். செல்போனில் ஆறு படம் எடுத்துக்கொண்டேன். அந்த அவசரத்துக்கு சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று மணி நேர வழி ஐந்தரை மணி நேரம் ஆனது. இலை சிவக்கும் பருவம், கூடவே திங்கட்கிழமை விடுமுறை. நியூயார்க்கைத் தாண்டவே இருட்டிவிட்டது. வழியில் ஓய்விடத்தில் ஒரு காபி 4 டாலர் 79 சென்ட். மாமா அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரிலேயே புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். மற்ற நாளில் 90 டாலருக்குக் கிடைக்கும் ஓட்டல் அறை அன்றைக்கு 189 டாலர். படுக்கும்போது மாமா கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த அம்மா துப்பாக்கில நம்பர் எதாச்சும் குத்தியிருந்துச்சா?"

அக்டோபர் 11, வெள்ளி: ஹார்ட்ஃபோர்டில் மழை

காலையிலிருந்தே விடாத தூறல். நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலையின் நீலக் கூம்பு தெரிகிறது. வெங்காயம் மாதிரி வடிவம், மேலெல்லாம் தங்க நட்சத்திரங்கள், உச்சியில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைக்குட்டி. சாமுவேல் கோல்ட் 1855இல் இங்கே பெரிய ஆலையைத் திறந்தார். அவர் இறந்து இரண்டு வருஷத்தில், 1864 பிப்ரவரியில், தீ பிடித்து ஆலையின் பெரும்பகுதி போனது. மனைவி எலிசபெத் திரும்பக் கட்டினார். இன்றைக்கு நாம் பார்ப்பது அவர் கட்டியது.

மாநில நூலகக் கட்டடத்துக்குள்ளேயே கனெக்டிகட் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. வாசலில் இருந்த காவலர் மாமாவின் நனைந்த குடையைத் தானே வாங்கி, விரித்து, ஓரமாகக் காயவைத்தார். திரும்பிப் போகும்போது மடக்கிக் கையில் கொடுத்தார். மாமா அன்று முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே கோல்ட் ஆலையின் சொந்தச் சேகரிப்பு. மாமா சட்டைப்பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். அதைக் கண்ணாடிப் பெட்டிமேல் ஒட்டிவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1851 நேவி என்ற ரிவால்வர் முன்னால் மட்டும் இருபது நிமிஷம். எட்டுப்பட்டைக் குழல், 0.36 அங்குலக் குண்டு. சுழலும் உருளை முழுக்கக் கப்பல் சண்டைக் காட்சி செதுக்கியிருக்கிறது. அதன் ஓரத்தில் நுணுக்கமாக '16 மே 1843' என்று ஒரு தேதி.

"அப்ப இது 1843இல பண்ணுனதா?"

இல்லை. அது டெக்ஸாஸ் கப்பற்படைக்கும் மெக்ஸிகோ கப்பற்படைக்கும் கம்பேச்சே அருகே நடந்த சண்டையின் தேதி. துப்பாக்கி வந்ததே 1850 வாக்கில்தான். பழைய அமெரிக்கத் துப்பாக்கியில் கண்ணில் படும் முதல் வருஷத்தை நம்பக்கூடாது என்பதை அந்த உருளை முன்னால் நின்று கற்றுக்கொண்டோம். காப்புரிமைத் தேதிகளும் அப்படித்தான். வின்செஸ்டர் 1873 ரைஃபிளின் குழலில் 1860, 1866 என்று இரண்டு வருஷங்கள் பொறித்திருக்கும். இரண்டும் காப்புரிமை வாங்கிய வருஷங்கள். துப்பாக்கி 1890களில் செய்ததாக இருந்தாலும் அதே எழுத்துதான். துப்பாக்கி அந்தத் தேதிக்கு முந்தியது இல்லை என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம், எவ்வளவு பிந்தியது என்று தெரியாது.

கோல்ட்டில் உண்மையான துப்பு வரிசை எண். ஒரே எண்ணைச் சட்டகத்தில், குழலின் அடியில், விசைக்காப்பில், கைப்பிடியின் பின்பட்டையில், உருளையில் என்று தனித்தனியாகக் குத்தியிருப்பார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் பிறந்தபோது இருந்த பாகங்களே இன்றும் இருக்கின்றன என்று நம்பலாம். அந்த எண்ணை வருஷவாரிப் பட்டியலோடு ஒப்பிட்டால் செய்த வருஷம் கிடைக்கும். குழலின் மேல்பட்டையில் இருக்கும் விலாசமும் உதவும். நியூயார்க் விலாசம் உண்டு, ஹார்ட்ஃபோர்டு விலாசம் உண்டு. லண்டன் விலாசம் இருந்தால் கோல்ட் 1853இல் லண்டனில் திறந்து சில வருஷத்தில் மூடிய ஆலையின் சரக்கு என்று தெரியும். பெல்ஜியத்தில் செய்த நகல்களும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டன. அவற்றில் லியேஜ் நகரச் சோதனைச்சாலையின் முட்டைவடிவ முத்திரை இருக்கும்.

மாமா லென்ஸைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "நம்பரு குத்துறவன் கை ஒரே மாதிரி விழுகாது கண்ணு. இந்த ஏழப் பாரு, எல்லாத்துலயும் கொஞ்சம் சாஞ்சிருக்குது. ஒருத்தன் ஒரே நாள்ல ஒரே பஞ்ச் அச்சுல குத்தியிருக்கறான்." நானும் பார்த்தேன். சட்டகத்திலும் விசைக்காப்பிலும் அந்த 7 ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. 170 வருஷத்துக்கு முந்தின ஒருவருடைய மணிக்கட்டு அது.

மதியம் ஒரு இந்தியக் கடையில் சாப்பாடு. சின்னக் கிண்ணம் ரசம் 5 டாலர். மாமாவுக்குச் சளி ஆரம்பித்திருந்ததால் இரண்டு வாங்கினேன். நன்றாகவே இருந்தது, மிளகு தூக்கலாக.

சாயங்காலம் நல்ல மேய்ப்பர் தேவாலயத்துக்குப் போனோம். கணவர், இறந்துபோன குழந்தைகள் நினைவாக எலிசபெத் கோல்ட் கட்டியது, 1869இல் திறந்தது. பூட்டியிருந்தது. தெற்கு வாசலைத் தேடிப் பின்னால் சுற்றினோம். ஆலைத் தொழிலாளிகள் உள்ளே போவதற்காக வைத்த வாசல் அது. நம்மூர்க் கோயில் தூணில் யாளியும் கொடியும் இருக்குமே, அந்த இடத்தில் இங்கே சிலுவைகளோடு ரிவால்வரும் அதன் பாகங்களும் கல்லில் கிடக்கின்றன. மாமா மழையில் நின்று பாகம் பாகமாகப் பெயர் சொன்னார். கடைசியில், "வேலக்காரனுக்குன்னு ஒரு வாசல் வெச்சு, அதுல அவன் கைவேலையையே செதுக்கி வெச்சிருக்குது அந்தம்மா" என்றவர் அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அக்டோபர் 12, சனி: ஸ்பிரிங்ஃபீல்டு, ஒரு மங்கலான படம்

மழை விட்டு வெயில். குளிர் மட்டும் போகவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் காலத்திலிருந்து கிடங்கு. 1794இல் அரசு ஆயுதச்சாலையானது, அடுத்த வருஷம் முதல் மஸ்கெட் வெளியே வந்தது, 1968இல் மூடினார்கள். இப்போது தேசியப் பூங்காத் துறையின் கையில். இங்கும் கட்டணம் இல்லை. உள்நாட்டுப் போர்க்கால மஸ்கெட்டுகளை ஆர்கன் வாத்தியத்தின் குழல்களைப் போல நிறுத்திவைத்த பெரிய அடுக்கு நடுவில் நிற்கிறது. பார்த்தவுடன் பேச்சு வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

தொப்பி போட்ட ரேஞ்சர், அறுபது வயது இருக்கும். பக்கத்து வீட்டு அம்மாவின் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லி செல்போனை நீட்டினேன். படத்தைப் பார்க்கும் முன்பே கேட்டார்: "உள்ளே காலியா?"

எனக்குப் புரியவில்லை. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது என்றார். கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகள் கிட்டத்தட்ட 27,500, அவற்றில் பெரும்பாலானவை கெட்டித்தபடியே கிடந்தன. வீட்டுச் சுவரில் தொங்குபவையிலும் அப்படி உண்டு. கருமருந்து காய்ந்திருந்தால் நூறு வருஷம் கழித்தும் பற்றும். அதனால் காலியா என்பதுதான் முதல் கேள்வி, எந்த வருஷம் என்பது இரண்டாவது.

சோதிக்கும் வழியையும் சொன்னார். வாய்ப்பக்கம் தலையோ கையோ வராமல் பக்கவாட்டில் நின்று, ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் மெதுவாக இறக்க வேண்டும். அடி தட்டியதும் வாய் விளிம்புக்கு நேராகக் குச்சியில் பென்சிலால் கோடு. வெளியே எடுத்து அதே கோட்டை வாய்க்கு நேராக வைத்து, குழலுக்கு வெளியே படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். குச்சியின் நுனி, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை வைக்கும் இடம்வரை வந்தால் காலி. முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. உடனே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "அது அறுபது வருஷமாக அங்கேதானே தொங்குகிறது" என்றார். நாங்கள் திரும்பி வரும்வரை அடுப்பை மூட்ட வேண்டாம், துப்பாக்கியைத் தொடவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

பிறகு படங்கள். ஆறில் நான்கு உதவாதவை. வருஷம் குத்தியிருக்க வேண்டிய இடம் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெளுத்துப் போயிருந்தது. தேய்ந்த முத்திரையை நேர் வெளிச்சத்தில் படம் எடுக்கக் கூடாதாம். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில், தகட்டோடு ஒட்டினாற்போலப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அந்த அம்மாவிடம் மறுபடி கேட்டேன். துப்பாக்கியைத் தொடாமல், ஸ்டூல்மேல் ஏறிய வேலைக்காரப் பெண் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க இவர் படம் எடுத்து அனுப்பினார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிள் சைடர் டோனட் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அரை டஜன் 7 டாலர், சூடாக, ஏலக்காய் இல்லாத குறை மட்டும்தான். படம் வந்ததும் மாமா சர்க்கரைக் கையோடு என் போனைப் பிடுங்கினார்.

கழுகு. அதன் கீழே யு.எஸ்., ஸ்பிரிங்ஃபீல்டு. ஹேமருக்குப் பின்னால், ஹேமர் பொருத்திய தகட்டின் வாலில், 1864.

ரேஞ்சர் அதைப் பார்த்துவிட்டு எங்களைக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு அழைத்துப்போனார். ஒரு முத்திரையை மட்டும் நம்பாமல் துப்பாக்கியின் உடம்பு அதே கதையைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். 1861 மாடலில் கேப்பு வைக்கும் முளையின் பக்கத்தில் சுத்தம் செய்வதற்கு ஒரு சின்னத் திருகாணி இருக்கும். 1863 மாடலில் செலவையும் நேரத்தையும் குறைக்க அதை எடுத்துவிட்டார்கள். குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று வளையங்களைப் பழைய மாடலில் ஸ்பிரிங் பிடித்திருக்கும். 1863இல் ஸ்பிரிங்கை எடுத்துத் திருகாணியால் இறுக்கிப் பார்த்தார்கள். சரிவரவில்லை, 1864இல் ஸ்பிரிங் திரும்பி வந்தது. எங்கள் படத்தில் முளையில் திருகாணி இல்லை, வளையங்களுக்கு ஸ்பிரிங் இருக்கிறது. 1864 என்ற முத்திரையோடு அச்சாகப் பொருந்துகிறது. குழலின் பின்முனையில் வி, பி என்ற எழுத்துகளும் ஒரு கழுகுத் தலையும். பார்வையிட்டாயிற்று, சோதித்தாயிற்று என்று அதற்குப் பொருள். குழலின் நுனியில் குறிபார்க்கும் முளை இன்னும் இருந்ததால் யாரும் குழலை அறுக்கவில்லை என்றார். போருக்குப் பிறகு எத்தனையோ மஸ்கெட்டுகளின் குழலை விவசாயிகள் வேட்டைக்கு வசதியாக அறுத்துக் குறுக்கிவிட்டார்கள். 40 அங்குலம் முழுசாக இருக்கும் என்று படத்தைப் பார்த்தே சொன்னார்.

விலை மட்டும் தாங்கள் சொல்வதில்லை என்றார். எங்களுக்கும் அது தேவைப்படவில்லை.

ஆனால் கெட்டிஸ்பர்க் சண்டை 1863 ஜூலை. 1864இல் பிறந்த துப்பாக்கி அங்கே இருந்திருக்க வழியில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

மாமாவுக்கு வேறு கவலை. "பூட்டத் தனியா மாத்தியிருந்தா?" என்று கேட்டார். பூட்டு என்பது ஹேமரும் அந்த முத்திரைத் தகடும் சேர்ந்த சுடும் பொறி. சரியான கேள்வி என்று ரேஞ்சரே தலையசைத்தார். மாமா எதைப் பார்க்க வந்தாரோ அதுவேதான் இங்கே சிக்கல். ஒரு மஸ்கெட்டின் பூட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அரத்தைத் தொடாமலே உட்கார வேண்டும் என்று இவர்கள் ஐம்பது வருஷம் போராடினார்கள். 1842 மாடலில்தான் ஸ்பிரிங்ஃபீல்டு, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற இரண்டு அரசு ஆயுதச்சாலைகளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று முழுதாகப் பொருந்தின. 1864இல் மட்டும் இந்த ஒரு இடத்திலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேல் மஸ்கெட் போனது. எல்லாமே எல்லாவற்றிலும் பொருந்துவதால் பழுது பார்க்கும்போது எது எதில் போனது என்று யாரும் பார்க்கவில்லை. அதனால் பூட்டின் வருஷம், குழலின் வருஷம், வளையம், கட்டையில் இடது பக்கம் இருக்கும் பரிசோதகரின் பெயரெழுத்து முத்திரை, நாலையும் சேர்த்துத்தான் முடிவு. அந்த அம்மாவின் துப்பாக்கியில் குழலின் பின்முனையிலும் 1864தான். நாங்கள் மூன்று பேரும் படத்தைப் பெரிதாக்கி மாறி மாறிப் பார்த்தோம்.

மாமா அதற்குப் பிறகு என்னை விட்டுவிட்டு பிளான்சார்டு லேத்தின் முன்னால் போய் நின்றுவிட்டார். தாமஸ் பிளான்சார்டு 1820 வாக்கில் செய்த இயந்திரம். மாதிரிக் கட்டை ஒரு பக்கம் சுற்ற, சக்கரம் அதைத் தடவிக்கொண்டே போக, வெட்டும் தலை அதே வளைவை இன்னொரு மரத்தில் இறக்கும். உருண்டையாக இல்லாத ஒன்றை லேத்தில் கடைவது என்பதே அப்போது அதிசயம். "காப்பி டர்னிங்கு! இத நான் 1984இல ஓட்டியிருக்கறேன்" என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அமெரிக்கச் சிறுவனிடம் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் அவ்வளவு மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டான்.

1855 மாடலைப் பார்த்ததும் நான் மாமாவைக் கூப்பிட்டேன். அதில் பூட்டின் நடுவில் ஒரு மூடி. உள்ளே காகிதச் சுருளில் பொட்டுப் பொட்டாக மருந்து, ஹேமரைப் பின்னால் இழுக்கும்போதெல்லாம் ஒரு பொட்டு மேலே ஏறும். நம்முடைய தீபாவளி ரோல் கேப்பு அச்சு அசலாக. ஈரத்தில் நமத்துப்போனதால் கைவிட்டார்கள். தீபாவளி மழையில் கேப்பு வெடிக்காமல் அழுத எல்லோருக்கும் இந்தக் காரணம் புரியும். ஆனால் அந்தச் சுருளுக்காகத் தகட்டில் வைத்த மேடு மட்டும் தெற்கு மாநிலங்களில் பிழைத்துக்கொண்டது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி இயந்திரங்களைத் தெற்கத்தியர் ரிச்மண்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே செய்த மஸ்கெட்டில் சுருள் கிடையாது, ஆனால் அதே அச்சுகள் என்பதால் மேடு இருக்கும். சி.எஸ். ரிச்மண்டு என்ற எழுத்து தேய்ந்துபோனாலும் அந்த மேடு காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு பெட்டியில் பின்பக்கம் கதவு போலத் திறக்கும் ரைஃபிள், 'மாடல் 1873' என்று கதவின் மேலேயே எழுதியிருந்தது. அது மாடலின் பெயர். 1880இல் செய்ததிலும் அதேதான் இருக்கும். எங்கள் மஸ்கெட்டின் 1864 செய்த வருஷம், இதன் 1873 பெயர். ஒரே ஆயுதச்சாலை, பத்து வருஷ இடைவெளி, எழுதும் வழக்கம் மாறிவிட்டது. ஒரு வருஷம் முன்பின் ஆவதில் சட்டமும் இருக்கிறது. 1898 வரை செய்தவற்றை 1968ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பழம்பொருள் என்று ஒதுக்கிவைக்கிறது.

இருட்டும் நேரத்தில் வடக்கே விண்ட்ஸருக்கு ஓட்டினோம்.

அக்டோபர் 13, ஞாயிறு: விண்ட்ஸர்

ராத்திரி தங்கிய இடத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வெளியே 2 டிகிரி. வரவேற்பில் ஆள் இல்லை, போனை எடுப்பாரும் இல்லை. மாமா மப்ளர், ஸ்வெட்டர், என் கோட்டு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு படுத்தார். சளி முற்றிவிட்டது. காலையில் 20 டாலர் குறைத்துக் கொடுத்தார்கள்.

பகலில் ஊர் அழகு. ஆற்றின்மேல் 1866இல் கட்டிய மரப்பாலம், மேலே கூரை போட்டது, கிட்டத்தட்ட 450 அடி நீளம். நுழைவில், குதிரையை நடத்திக்கொண்டு போ, இல்லாவிட்டால் இரண்டு டாலர் அபராதம் என்ற பலகை இன்னும் இருக்கிறது. ஓட்டிக்கொண்டு நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் போய்த் திரும்பினோம். பலகைகள் தடதடக்கும் சத்தம் மாமாவுக்குப் பிடித்துப்போய் இன்னொரு முறை போகச் சொன்னார். மேப்பிள் கிரீமி என்று ஐஸ்கிரீம், 5 டாலர். சளியோடு மாமா அதையும் சாப்பிட்டார். நான் தடுக்கவில்லை.

அமெரிக்கன் பிரிசிஷன் மியூசியம் இருப்பது ராபின்ஸ் அண்டு லாரன்ஸ் கம்பெனி 1846இல் கட்டிய செங்கல் கட்டடத்தில். அரசுக்கு 10,000 ரைஃபிள் செய்ய ஒப்பந்தம் எடுத்துத் தொடங்கியவர்கள். 1851இல் லண்டன் கண்காட்சிக்கு ஆறு ரைஃபிள்களை அனுப்பினார்கள். அவற்றின் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தியதைப் பார்த்த பிரிட்டிஷ்காரர்கள் என்ஃபீல்டு ஆலைக்கு இவர்களிடமே இயந்திரம் வாங்கினார்கள். கம்பெனி சில வருஷத்தில் நொடித்துப்போனது, இயந்திரம் செய்யும் வித்தை மட்டும் ஊரில் தங்கியது.

இதற்கு முந்தைய காலத்துத் துப்பாக்கியில் பாகத்துக்குப் பாகம் சின்ன அரவெட்டோ புள்ளியோ இருக்கும். எந்தத் திருகாணி எந்த ஓட்டைக்கு என்று வேலைக்காரர் தனக்குப் போட்டுக்கொண்ட அடையாளம். மாமா சொன்னது எனக்கு மறக்காது: "கேஜு வந்ததும் இந்தக் கோடெல்லாம் போயிருச்சு. வேல சுளுவாச்சு. ஆனா எவன் பண்ணுனான்னு கேட்டா பொருளு சொல்லாது." 36 வருஷம் அந்தக் கேஜைச் செய்தவர் அவர்.

அக்டோபர் 14, திங்கள்: குச்சி

ஏழு மணி நேரம் ஓட்டி வீடு வந்ததும் கடையில் வாங்கிய உருட்டுக் கட்டைக்குச்சியோடு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனோம். முதலில் சேதியைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 1864, ஸ்பிரிங்ஃபீல்டு, பூட்டும் குழலும் ஒரே வருஷம், ஆகவே கெட்டிஸ்பர்க்கில் இருந்ததில்லை. அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "அப்பா பொய் சொல்லமாட்டாரே" என்றார்.

மாமா என்னைப் பார்த்து, "அந்தாளு சண்டைக்குப் போனது பொய்யில்லைன்னு சொல்லு கண்ணு. அங்க வேற துப்பாக்கி வெச்சிருந்திருப்பாரு" என்றார். அதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். 1865 மே மாதம் ஒரு உத்தரவு வந்தது. வீடு திரும்பும் சிப்பாய் விரும்பினால் தன் மஸ்கெட்டை 6 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அவருடைய கொள்ளுத்தாத்தா 1865இல் விடுவிக்கப்பட்ட காகிதம் வீட்டில் இருக்கிறது. அப்படி வாங்கியதாக இருக்கலாம், பிற்பாடு மலிவு விற்பனையில் வாங்கியதாகவும் இருக்கலாம். "ஆறு டாலர் அன்றைக்கு அவருக்குப் பெரிய பணம்" என்று மட்டும் சொன்னார்.

துப்பாக்கியை மெதுவாக இறக்கி மேசைமேல், வாய் தோட்டத்துச் சுவரைப் பார்க்கும்படி வைத்தோம். மாமா குச்சியை இறக்கினார். தட்டியதும் பென்சில் கோடு. வெளியே எடுத்துக் குழலோடு வைத்துப் பார்த்தார். மறுபடி இறக்கினார், மறுபடி வைத்தார். கேப்பு முளைக்கு மூன்று அங்குலம் முன்னாலேயே குச்சி நின்றது. மூன்று பேரும் மேசையை விட்டுப் பின்னால் வந்துவிட்டோம்.

அக்டோபர் 17, வியாழன்

துப்பாக்கி பழுது பார்க்கும் ஒருவர் வீட்டுக்கே வந்தார். முளையின் துளை வழியாக எண்ணெய் விட்டு, ஒருநாள் ஊறவைத்து, நீளக் கம்பியின் நுனியில் திருகு மாட்டி உள்ளே செலுத்தித் திருகி இழுத்தார். முதலில் கசங்கிய செய்தித்தாள் உருண்டை ஒன்று வந்தது. அதன் பின்னால் பொலபொலவென்று சின்னச் சின்ன ஈயக் குண்டுகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அப்புறம் இன்னொரு காகித அடைப்பு, கடைசியில் கட்டிதட்டிப்போன கறுப்பு மருந்து. சண்டைக்கு உரிய பெரிய ஈயக் குண்டு இல்லை. சிப்பாய் கெட்டித்தது அல்ல, பறவை சுடக் கெட்டித்தது.

பக்கத்து வீட்டு அம்மா சட்டென்று எழுந்தார். "காக்கை! தாத்தா சோளக்காட்டில் காக்கை சுடுவார் என்று அப்பா சொல்வார்" என்றார். காகித உருண்டையை விரித்துப் பார்த்தோம். எண்ணெயில் ஊறி எழுத்தெல்லாம் கலைந்திருந்தது.

துப்பாக்கியைப் பளபளவென்று தேய்த்துப் பேரனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். வந்தவரும் மாமாவும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள், ஆளுக்கொரு மொழியில். தேய்த்தால் முத்திரை போய்விடும். மெல்லியதாக எண்ணெய் துடைத்தால் போதும்.

ஈயக் குண்டுகளை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு, மூடிமேல் தன் ஆசிரியைக் கையெழுத்தில் 'தாத்தாவின் காக்கைக் குண்டுகள்' என்று எழுதி ஒட்டினார். மாமா அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். லென்ஸோடு அதே சட்டைப்பையில் இருக்கிறது.